ஓரமில்லாத வரைபடம்

வதீம் ரியாபவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடுவான். சந்தோஷம் வந்தால் அதைவிட அதிகமாகச் சத்தம் போடுவான். வயிறெரிந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் அவன் வீட்டில் சத்தமே இல்லை. பெண்டாட்டி ஜோயா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் முட்டைக்கோஸ் சூப்பை அவன் முன்னால் வைத்துக்கொண்டே, யார் என்ன நல்ல காரியம் பண்ணித் தொலைத்தார்கள் என்று கேட்டாள். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள், அவளுக்குத் தெரியாதா என்ன.

நல்ல காரியம் பண்ணியவன் ரெனாத். வதீமின் உயிர்ச் சிநேகிதன். அதுதான் கொடுமை. முன்பின் தெரியாதவன் நன்றாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே இருக்கிறவன் நன்றாக இருந்துவிட்டால் சோறு எப்படி இறங்கும்?

வதீமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சரத்தோவிலிருந்து வோல்கோகிராத்துக்குப் பஸ் ஓட்டுகிறவன். ஒரு நாள் போவான், மறுநாள் திரும்புவான், பத்தொன்பது வருஷமாக அதே ரோடு. பதினெட்டு வயதில் விமானப்படைப் பள்ளிக்கு எழுதிப்போட்டான், இடது காது சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டாய ராணுவ சேவையில் கொண்டுபோய் ஒரு விமான தளத்தில்தான் போட்டார்கள், எண்ணெய் லாரி ஓட்ட. இரண்டு வருஷம் விமானங்களின் வயிற்றை நிரப்பினான். ஒன்றில்கூட ஏறி உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

நாற்பது வயதில்தான் அவனுக்கு ஏரோப்ளேன் கிடைத்தது, கம்ப்யூட்டருக்குள். இரண்டாம் உலகப்போரில், 1942-ஆம் வருஷத்தில் பறந்த விமானங்களை வைத்து ஆடும் சண்டை விளையாட்டு. விளையாட்டு என்று அவன் எதிரில் சொல்லிவிடாதீர்கள். இஞ்சினுக்குச் சூடேறுவதையும் காற்று தள்ளுவதையும் கணக்குப் பண்ணித்தான் ஓட்டவேண்டும், இல்லையென்றால் ஓடுபாதை முடிவதற்குள் மூக்கைக் குத்திக்கொள்ளும். சரத்தோவில் இதற்கென்று முப்பது பேர் கொண்ட ஒரு கழகமே இருந்தது. வாரத்தில் மூன்று சாயங்காலம் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒன்றாகப் பறப்பார்கள். வதீம் முன்னால் போவான். ரெனாத் இருநூறு மீட்டர் பின்னால், வலப்பக்கமாக, இவன் முதுகைக் காத்துக்கொண்டு வருவான். எட்டு வருஷம் அப்படியே பறந்தார்கள்.

வதீமுக்கு அந்த விளையாட்டில் ஒன்றே ஒன்றுதான் பிடிக்காது. வரைபடத்தின் ஓரம். இருபது நிமிஷம் நேராகப் பறந்தால் வீடு, ஆறு, ரோடு எல்லாம் முடிந்து, வழித்துவிட்ட மாதிரி வெறும் பச்சைத் தரை வந்துவிடும். முதல் தடவை அதில் போய் நின்றபோது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டான். முளையில் கட்டிய மாடு மாதிரி பறக்கவா நான் இதை வாங்கினேன் என்று ஜோயாவிடம் கத்தினான். ரோடு போகிற வரைக்கும் போகவேண்டும், அதற்கு மேலும் போகவேண்டும். பஸ்காரன் புத்தி.

ஆகவே தானே ஒரு வரைபடம் செய்ய ஆரம்பித்தான். அந்தக் கழகத்தில் அது வழக்கம்தான், கையில் பொறுமை உள்ளவர்கள் புதுத் தரை செய்து மற்றவர்களுக்குப் பறக்கக் கொடுப்பார்கள். ஆனால் வதீம் செய்தது சாதாரண அளவில்லை. சரத்தோவிலிருந்து ஸ்டாலின்கிராத் (போர்க்காலத்தில் வோல்கோகிராத்துக்கு அதுதான் பெயர்) வரைக்கும், அதைத் தாண்டியும், நீளம் நானூறு கிலோமீட்டர், அகலம் முந்நூறு. வீட்டில் இருக்கிற நாளெல்லாம், பஸ் எடுக்கப் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், பதினோரு வருஷம். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பார்த்து ரோடு போட்டான், தண்டவாளம் போட்டான், ஆயிரத்து நானூறு கிராமம் வைத்தான்.

அவனுடைய பெரிய பெருமை ஆறு. இன்றைக்கு அங்கே வோல்கா கடல் மாதிரி கிடக்கிறது. அணை வந்தது போருக்குப் பிறகு. வதீம் பழைய படகு வழிப் படங்களைத் தேடிப் பிடித்து, ஆற்றைச் சுருக்கி, மணல்திட்டுகளை வெளியே எடுத்து, முழுகிப்போன முப்பத்தொரு ஊரையும் கரையேற்றி வைத்தான். வோல்காவையே வற்ற வைத்தவன் நான் என்று ஆள் கிடைத்தால் சொல்லுவான்.

மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அந்த வரைபடம் கண்ணைப் பறிக்கும். கீழே இறங்கினால் கொஞ்சம் சிரமம். ஆயிரத்து நானூறு கிராமத்திலும் அதே ஐந்து வீடுதான், திருப்பித் திருப்பி வைத்திருந்தான். யாராவது அதைச் சொன்னால், தரையில் இறங்கிப் பார்க்கிறவன் எதற்காக ஏரோப்ளேன் ஏறவேண்டும் என்று மடக்குவான். குறை சொன்னால் தாங்குகிற சுபாவம் அவனுக்கு இல்லை. ஒரு தடவை ரெனாத், பாலம் ஒன்று ஆற்றின் தப்பான வளைவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். சொன்னது சரிதான். வதீம் பாலத்தை நகர்த்திவிட்டு, எட்டு மாசம் அவனோடு பறக்கவில்லை.

ரெனாத் கமீஷினில் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். தாத்தார் இனத்தவன், ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. கமீஷின் பாதி வழியில் இருக்கிற ஊர், வதீமின் பஸ் அங்கே இருபது நிமிஷம் நிற்கும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ரெனாத் உப்புப் போட்ட பால் டீயை ஃப்ளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவான். வதீம் பேசுவான், அவன் கேட்பான். அதிகமாகப் பேசியது சுஹாயா பால்காவைப் பற்றி. அது வதீம் பிறந்த கிராமம், கமீஷினுக்குத் தெற்கே. போர் நடந்தபோது அங்கே ஒரு புல்தரை விமான தளம் இருந்தது. கிணறு பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை தப்படி, வாத்துகள் எந்தப் பக்கம் இறங்கிப் போகும் என்றெல்லாம் ரெனாத் கேட்பான். நம்ம கதை மேல் இவனுக்கு எத்தனை ஆசை என்று வதீம் நினைத்துக்கொண்டான்.

ஜூன் மாதத்தில் ரெனாத் கழகத்தின் இணையப் பக்கத்தில் பத்துப் படங்களைப் போட்டான். தானும் ஒரு வரைபடம் செய்திருக்கிறானாம். நாற்பது கிலோமீட்டருக்கு நாற்பது கிலோமீட்டர். நடுவில் சுஹாயா பால்கா.

வதீம் படங்களைப் பார்த்தான். கிணற்று ஏற்றத்தின் நீட்டுக் கம்பு, பள்ளிக்கூடத்தின் உடைந்த படி, ஒரு பக்கம் சரிந்த வைக்கோல்போர், தளத்தில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிய தடம். கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். கழகத்தின் தலைவர் ஆல்பெர்த் நிகோலயிச், எண்பது வயது, நிஜ விமானம் ஓட்டியவர். அந்த வைக்கோல்போரைப் பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தார். வதீமின் வரைபடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியபோதெல்லாம் அதே ஆல்பெர்த் நிகோலயிச் எழுதியது இரண்டே வார்த்தை. பெரிய வேலை. வதீம் எண்ணிப் பார்த்தான். பதினோரு வருஷத்துக்கு இரண்டு வார்த்தை, வைக்கோல்போருக்கு ஒன்பது வார்த்தை.

வாழ்த்துகள் என்று எழுதி, ஒரு முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு எழுந்தான். மூன்று நாள் பேசாமல் இருந்தது அதற்குத்தான்.

நாலாம் நாள் சூப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டினான். என் ஊரை எடுத்துக்கொண்டான், என் வாயைப் பிடுங்கி என் ஊரையே எடுத்துக்கொண்டான் என்றான்.

“ஊரை நீ பட்டா போட்டா வச்சிருந்தே?” என்றாள் ஜோயா. “உன் மேப்லயும்தான் அந்த ஊர் இருக்கு. அஞ்சு வீட்டோட.”

அவள் அப்படித்தான். ரொட்டிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சுற்றிவளைத்துப் பேச நேரம் கிடையாது.

விஷயம் வெறும் புகழோடு போயிருந்தால் வதீம் எப்படியாவது செரித்திருப்பான். ஆனால் அந்த விளையாட்டைச் செய்யும் மாஸ்கோ கம்பெனி அந்த வருஷம் ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. அடுத்த பதிப்பில் வோல்கா போர்முனைக்கு, வெளி ஆட்கள் செய்த வரைபடம் ஒன்றைச் சேர்க்கப்போகிறார்கள். ஒன்றே ஒன்று. சரத்தோவ் கழகம் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். செய்தவன் பெயர் முதல் திரையிலேயே வரும். அறிவிப்பு வந்தபோது கழகத்தில் வோல்காப் பக்கத்துக்கு வேறு வரைபடமே இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் விமானம் ஏறும்போது ‘வதீம் ரியாபவ்’ என்று பார்ப்பார்கள். எண்ணெய் லாரிக்காரன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொருவனும் மேலே கிளம்புவான். இந்த நினைப்பிலேயே அவன் நாலு மாசமாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது கைக்கெட்டியதை ரெனாத் தட்டிக்கொண்டு போகப்போகிறான், நாற்பது கிலோமீட்டரை வைத்துக்கொண்டு.

அடுத்த இரண்டு தடவை கமீஷினில் வதீம் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கணக்கு எழுதுகிற மாதிரி சீட்டிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தான். மூன்றாம் தடவை ரெனாத் ஏறியே வந்துவிட்டான். ஒரு காகித உறையில் டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான். உறைமேல் அவனுடைய பொடி எழுத்தில் எழுதியிருந்தது: எல்லாருக்கும் காட்டுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாரு. அந்த ஊர்க்காரன் நீதான். தெற்குப் பக்கத்தை நிதானமாப் பாரு.

வதீம் பார்த்தான். தலையில் பேன் பார்ப்பது போலப் பார்த்தான். வீடு வீடாக, வேலி வேலியாக, தரையை ஒட்டிப் பறந்து குற்றம் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிக்கூடப் படி அவன் சொன்ன அதே இடத்தில் உடைந்திருந்தது. கொடியில் துணி காய்ந்தது. வாத்துகள் சரியான பக்கம் இறங்கின. நன்றாக இருந்தது, அய்யோ, அத்தனை நன்றாக இருந்தது. பார்க்கப் பார்க்க நெஞ்சில் அமிலம் ஊற்றுகிற மாதிரி இருந்தது. ஆறு நிமிஷத்தில் ஓரம் வந்ததும்தான் கொஞ்சம் மூச்சு விட்டான்.

பிறகு தெற்கே திரும்பினான். திரும்பியவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

மரமே இல்லை. ஊருக்குத் தெற்கே புல்வெளி மொட்டையாகக் கிடந்தது. வயலுக்கும் வயலுக்கும் நடுவில் காற்றைத் தடுக்க நிற்கும் நீள நீள மர வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. சுஹாயா பால்காவின் தெற்கில் அப்படி ஏழு வரிசை உண்டு, பாப்லரும் மேப்பிளும். அதில் மூன்றாவது வரிசையில் ஏறி விழுந்துதான் வதீம் ஏழு வயதில் கையை உடைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்து ரோட்டில் எங்கே போனாலும் இரண்டு பக்கமும் அந்த வரிசைகள்தான் கூடவே வரும். தன் வரைபடத்தில் அவன் ஒன்று விடாமல் வைத்திருந்தான், எல்லாமாக நாலாயிரம் கிலோமீட்டர் மரம். இந்த ரெனாத், எண்ணெய்ப் பீப்பாயின் தடத்தைக்கூட விடாத ரெனாத், ஊர் மரத்தை மொத்தமாக மறந்துவிட்டான்.

வதீம் சிரித்தான். பத்து நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜோயா என்னவென்று வந்து பார்த்தாள். சொன்னான். அவன் கேட்டுத்தானே கொடுத்தான், மரத்தை நீ விட்டுட்டேன்னு அவன்கிட்டச் சொல்லித் தொலை என்றாள். வதீம் அதெல்லாம் முடியாது என்றான். குறையைக் கூட்டத்தில் சொல்வதுதான் கழகத்தின் வழக்கம் என்றான். வழக்கமாவது மண்ணாவது, இது பச்சைத் துரோகம் என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை கமீஷினில் வதீம் தானாகவே இறங்கினான். டீயையும் வாங்கிக் குடித்தான். எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணும் மாத்தாதே என்றான்.

ரெனாத் அவன் முகத்தைப் பார்த்தான்.

“தெற்குப் பக்கம்?”

“அதுவும் சரியாத்தான் இருக்கு.”

“வேற ஒண்ணும் தோணலையா உனக்கு?”

“என்ன தோணணும்?”

ரெனாத் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை கழகத்தின் வருஷக் கூட்டம். நகரத்துக்கு வெளியே பழைய பாராசூட் பயிற்சிக் கூடம் ஒன்று, அங்கே பெரிய திரை கட்டி, பக்கத்து மேஜையில் கருவாட்டையும் தர்ப்பூசணியையும், ரொட்டியைப் புளிக்க வைத்துச் செய்கிற க்வாஸ் பானத்தையும் பரப்பி வைப்பார்கள். அவரவர் ஜாய்ஸ்டிக்கை அவரவர் பையில் கொண்டுவருவார்கள், தன் கைப்பிடியை இன்னொருவன் தொட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். புது வரைபடத்தைத் திறந்து வைக்க அங்கே ஒரு முறை உண்டு. இருக்கிறவர்களிலேயே மூத்த விமானி முதலில் அதன்மேல் பறப்பார். யாரும் சுடக்கூடாது. குறை கண்டவன் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். ஆனால் சொன்னவன், தன்னுடைய வரைபடத்தைப் பக்கத்துத் திரையில் அதே இடத்தில் திறந்து காட்டவேண்டும். ஒன்றுமே செய்யாமல் வாயிலேயே வடை சுடுகிறவர்கள் பெருகிப்போய் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் ரெனாத்தின் வரைபடத்துக்குப் பக்கத்தில் திறந்து காட்ட வரைபடம் வைத்திருந்தது ஒரே ஆள்தான்.

வதீம் தன் பையில் ஜாய்ஸ்டிக்கோடு இன்னொன்றையும் துண்டில் சுற்றி வைத்திருந்தான். கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த அம்மாவின் படம். அவள் செத்து ஒன்பது வருஷம். படத்தில் இளம்பெண், தலையில் துணி கட்டி, கையில் வாளியோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஊர் மரமெல்லாம் என் கையால் தண்ணி குடிச்சது என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். மரம் அங்கே இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? யாராவது எதிர்த்துப் பேசினால் பெற்ற தாயையே கொண்டுவந்து நிறுத்துவதாக அவன் ஏற்பாடு.

ஆல்பெர்த் நிகோலயிச் ரெனாத்தின் வரைபடத்தில் கிளம்பினார். கிணற்று ஏற்றத்தை உரசுவதுபோல் போனார். வைக்கோல்போர் வந்தபோது யாரோ பின்னால் மூக்கை உறிஞ்சினார்கள். வதீமுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. பெரியவர் தெற்கே திரும்பினார்.

“நிறுத்துங்க” என்றான் வதீம்.

எழுந்து முன்னால் போனான். பஸ்ஸில் பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவனுக்கு. நான் அந்த ஊரில் பிறந்தவன், இங்கே ஏழு வரிசை மரம் உண்டு, வைக்கோல்போரை எண்ணி வைத்தவருக்கு இத்தனை மரம் கண்ணில் படவில்லையா என்று கேட்டான். விதிப்படி பக்கத்துத் திரையில் தன் வரைபடத்தைத் திறந்தான். அங்கே பச்சை வரிசைகள் ஒழுங்காக நின்றன. கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று சலசலப்பு. எல்லாரும் அந்த ரோட்டில் போனவர்கள்தான், மரத்தைப் பார்த்தவர்கள்தான். ரெனாத்தின் முகம் வெளுத்துப்போனதை வதீம் கண்ணாரப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் அவன் வயிறு குளிர்ந்தது. அவ்வளவு குளிர்ச்சியை அவன் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

ரெனாத் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “இதோட விட்டுடு வதீம்” என்றான்.

விடுவானா? ஆதாரம் இருக்கிறது என்று துண்டைப் பிரித்தான். படத்தை ஆல்பெர்த் நிகோலயிச்சின் கையில் கொடுத்தான். எங்கம்மா அந்த மரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள், நன்றாகப் பாருங்கள் என்றான்.

பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அம்மா எந்த வருஷம் பிறந்தவங்க?”

“முப்பத்திரண்டு.”

“இந்தப் படத்துல அவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?”

“பதினெட்டு இருக்கும்” என்றான் வதீம். சொன்ன வாய் அப்படியே நின்றது.

பெரியவர் சட்டத்தைத் திருப்பினார். பின்னட்டையில் ஊதா மையில் எழுதியிருந்ததைக் கூடத்துக்குக் கேட்கும்படி படித்தார். சுஹாயா பால்கா. மர வரிசை நடவு. ஏப்ரல், 1950. பிறகு படத்தை வதீமிடமே கொடுத்துவிட்டார்.

வதீம் பார்த்தான். பதினோரு வருஷம் தன் தலைக்கு மேலேயே தொங்கிய படத்தை அப்போதுதான் பார்த்தான். அவன் எப்போதும் பார்த்தது அம்மாவின் சிரிப்பை மட்டும். அவளுக்குப் பின்னால் ஏழு வரிசையும் இருந்தது, அவள் முழங்கால் உயரத்துக்கு. விரல் கனக் குச்சிகள், ஒவ்வொன்றுக்கும் நாலு இலை. அவற்றுக்குத்தான் அவள் வாளியில் தண்ணீர் கொண்டுபோகிறாள். திரையில் ஓடுவது நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். அந்த மரத்தில் ஒன்றுகூட விதையாகக்கூட விழவில்லை. ரெனாத் மொட்டையாக விட்டதுதான் சரி. வதீமின் திரையில் சரத்தோவிலிருந்து ஸ்டாலின்கிராத் வரைக்கும், எட்டு வருஷம் கழித்து அரசாங்கம் ஊர் ஊராக நடப்போகிற மரங்கள் முப்பதடி உயரத்துக்கு நின்றன.

“ஜெர்மன்காரனுக்கு நல்ல நிழல்” என்றான் பின்னால் ஒருவன். வோல்காவையே வற்ற வைத்த மகராசன் மரத்தைப் பிடுங்காம விட்டுட்டானே என்றான் இன்னொருவன். சிரிப்பு கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் போனது. வதீம் படத்தைத் துண்டில் சுற்றினான், அவிழ்ந்துபோனது, திரும்பவும் சுற்றினான்.

மாஸ்கோவுக்கு எதை அனுப்புவது என்ற ஓட்டெடுப்பு கை தூக்கித்தான். ரெனாத்தின் வரைபடத்துக்கு இருபத்தேழு கை. வதீமுடையதற்கு இரண்டு. ஒன்று வதீமின் கை. வெட்கத்தை விட்டுத் தூக்கினான், பதினோரு வருஷம் அப்படிச் சும்மா விட்டுவிட முடியுமா? இன்னொன்று யார் என்று திரும்பிப் பார்த்தான். ரெனாத்.

வதீம் எதையும் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பாராசூட் துணி காயப்போடும் கம்பங்களுக்குப் பக்கத்தில் நின்றான். சற்று நேரத்தில் ரெனாத் வந்து பக்கத்தில் நின்றான்.

“தெரிஞ்சிருந்தா ஏன்டா எங்கிட்ட சொல்லலே?” என்றான் வதீம்.

“ஒரு பாலத்தைச் சொன்னதுக்கே எட்டு மாசம் பறக்கலே நீ. இது நாலாயிரம் கிலோமீட்டர்.” ரெனாத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “போர்க்காலத்துல மேலேர்ந்து எடுத்த போட்டோவை வச்சு வேலை செஞ்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. வாயால சொன்னா சண்டை வரும், அதனாலதான் டிஸ்க்கைக் குடுத்தேன். தெற்குப் பக்கம் பாருன்னு எழுதினேன். நீயே பாத்துட்டு, சத்தமில்லாம உன்னோடதைத் திருத்திப்பேன்னு நினைச்சேன்.”

வதீம் மூச்சு வாங்கினான். “நான் உன்னைக் கவுக்கத்தான் எல்லாம் சரின்னு சொன்னேன்” என்றான்.

“தெரியும். நீ இதுவரைக்கும் எதையும் சரின்னு சொன்னதில்லையே. அப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்கும் கோபம் வந்துது, எப்படியோ போன்னு விட்டுட்டேன்.”

உள்ளே யாரோ தர்ப்பூசணியை வெட்டும் சத்தம் கேட்டது. வதீமுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“பின்னே எதுக்கு எனக்குக் கை தூக்கினே? பாவம் பாத்தா?”

“பாவமா, உன்னையா?” ரெனாத் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். “என் மேப்ல ஆறு நிமிஷம் பறந்தா உலகம் முடிஞ்சுபோயிடுது. உனக்குத் தெரியாம ஒரு நாள் உன் மேப்ல சரத்தோவ்ல ஏறி, ஸ்டாலின்கிராத் வரைக்கும் போனேன். யாரையும் சுடலே. சும்மா பறந்தேன். ஆறு கூடவே வருது, ரோடு கூடவே வருது, ஓரமே வரலே. இறங்குனப்ப எனக்கு வயித்தெரிச்சல்ல சாப்பாடு இறங்கலே. என்னால இப்படி ஒண்ணு சாகுற வரைக்கும் செய்ய முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஒரு மூலைல உக்காந்து வைக்கோலை அடுக்கினேன்.”

வதீமுக்கு வெட்கப்படவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் உள்ளே என்னவோ ஜில்லென்று இறங்கியது. இருபத்தேழு கையும் ஆல்பெர்த் நிகோலயிச்சின் ஒன்பது வார்த்தையும் அந்த நிமிஷம் அவனுக்குத் தூசு. இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போல் இருந்தது.

“நெசமாவா? எப்போலேர்ந்து?”

“ஆறு வருஷமா.”

வதீம் சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷம். அவனுடைய எரிச்சலுக்கு வயது மூன்று மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் சிநேகிதனுக்குக் குழி வெட்டி, அதற்குச் சாட்சி சொல்லச் செத்த தாயையும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். ரெனாத் ஆறு வருஷமாக எரிந்திருக்கிறான். எரிந்துகொண்டே, வாரத்துக்கு மூன்று சாயங்காலம், இருநூறு மீட்டர் பின்னால், வலப்பக்கம், கூடப் பறந்தபோது ஒரு தடவைகூடத் தவறாமல் வதீமின் முதுகைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

வதீம் இடது கையில் இருந்த பையை வலது கைக்கு மாற்றினான். இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் மரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும், அம்மாவின் ஏழு வரிசை உட்பட.

“வா” என்றான். “எல்லாத்தையும் தின்னு தீத்துடப்போறானுங்க. நீ முன்னாடி போ.”

ரெனாத் முன்னால் போனான். வதீம் கொஞ்சம் பின்னால், வலப்பக்கமாகப் போனான்.